97 ஷெவி சி1500 டூ வீல் டிரைவ்ல 3 இஞ்ச் ஸ்பிண்டில் லிஃப்ட்: கடை எப்படி, வேலை எப்படி

நார்த் கரோலினால பழைய பிக்கப் வெச்சிருக்கிற நம்மாளுங்க சிலர் லிஃப்ட் (வண்டிய உயரமா தூக்கி வெக்கிற வேலை) எங்க பண்ணீங்க எவ்ளோ ஆச்சுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். வண்டி 1997 ஷெவர்லே சி1500, எக்ஸ்டெண்டட் கேப், 5.7 லிட்டர் வோர்டெக் வி8 இஞ்சின், டூ வீல் டிரைவ் (பின் சக்கரம் மட்டும் தான் வண்டியத் தள்ளும்). பிட்ஸ்பரோ தாண்டி ஒரு துண்டு நிலத்துல காய்கறி போடறோம். அங்க போறது செம்மண் பாதை, ரெண்டு மழை பெஞ்சா போதும், டயர் தடம் பள்ளமா விழுந்துரும், நடு மேடு முன்னாடி கிராஸ்மெம்பர்ல (அடில குறுக்கா போற இரும்புச் சட்டம்) உரசிட்டே வரும். அதுக்குத்தான் இந்த வேலையே.

விசாரிச்ச இடத்துல எல்லாம் காயில் ஸ்பேசர் போட்டுரலாம், மத்தியானத்துக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்னு தான் சொன்னாங்க. இந்த வண்டில ஃபோர் வீல் டிரைவுக்கு முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக் குடுக்கிற கம்பி), டூ வீலுக்கு காயில் ஸ்பிரிங், அதனால ஸ்பிரிங் மேல ஒரு ஸ்பேசர வெச்சா வண்டி தூக்கிக்கும், அது உண்மை தான். ஆனா அப்படித் தூக்கும்போது சக்கரத்த ஃப்ரேமோட இணைக்கிற மேல், கீழ் கண்ட்ரோல் ஆர்ம் ரெண்டும் எப்பவும் கீழ பார்த்து தொங்கிட்டே இருக்கும், சக்கரம் பள்ளத்துல இறங்க இடம் இருக்காது, ஆர்ம் முனைல இருக்கிற பால் ஜாயின்ட் கோணல்லயே வேலை செய்யும், கேம்பர் (சக்கரம் உள்ள வெளிய சாயற கோணம்) கலைஞ்சு டயர் ஒரு பக்கமா தேயும். 27 வருஷத்துக்கு மேல ஓடின வண்டிக்கு இது தேவையா?

கடைசில சாத்தம் கவுண்டில அப்பாவும் மகனும் சேர்ந்து நடத்துற சின்ன கடைக்குப் போனேன். கடை பேர நான் இங்க போடல, போர்டு கூட சரியா கிடையாது. பெரியவர் வண்டிய ஜாக்கில ஏத்தி ரெண்டு முன் சக்கரத்தையும் மேல கீழ பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, முதல்ல பால் ஜாயின்ட் மாத்தணும், அப்புறம் தான் லிஃப்ட்டுன்னார். ஸ்பேசர் வேண்டாம், லிஃப்ட் ஸ்பிண்டில் வாங்கிட்டு வா, ஆனா உன் ரோட்டர் (பிரேக் தட்டு) தடிமன் என்னன்னு அளந்து அதுக்கு ஏத்தத வாங்குன்னு சொல்லி அனுப்பினார். அந்த ஒரு பேச்சுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

ஸ்பிண்டில் லிஃப்ட்ல விஷயம் என்னன்னா, சக்கரம் மாட்டுற தண்டு ஒரிஜினல் இடத்த விட 3 இஞ்ச் கீழ இருக்கும். சக்கரம் இறங்கினா வண்டி ஏறும், அவ்ளோ தான். ஸ்பிரிங், ஷாக், ஆர்ம் எல்லாம் பழைய ஆங்கிள்லயே நிக்கும், அதோட கீழ் ஆர்மும் சேர்ந்து மேல போயிரும், ஸ்பேசர்ல அது நடக்காது, ஆர்மோட வெளி முனை இருந்த இடத்துலயே தான் இருக்கும்.

வேலை நடந்தப்ப கூடவே நின்னு பார்த்தேன், ஆட்சேபணையே சொல்லல. மேல் பால் ஜாயின்ட் ஃபேக்டரில ரிவெட் அடிச்சு வெச்சிருப்பான், அத கிரைண்டர் போட்டு தலைய எடுத்து, டிரில் பண்ணி தட்டி எடுக்கவே ரொம்ப நேரம் ஆச்சு, புதுசு போல்ட்ல தான் நிக்குது. டூ வீல் டிரைவ்ல ஹப்பும் ரோட்டரும் ஒரே பீஸ், உள்ள டேப்பர் பேரிங். மகன் உள்ளங்கைல கிரீஸ ஒரு உருண்டை எடுத்து, பேரிங்க அதுல அழுத்தி அழுத்தி இழுத்தான், மறுபக்கம் ரோலர் இடுக்குல புது கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும் விடல. அப்புறம் நட்டு, காட்டர் பின். காலிப்பர் (பிரேக் பேட அழுத்தற பாகம்) கீழ இறங்கிட்டதால பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு சக்கரத்த தொங்க விட்டு ஸ்டீயரிங்க ஒரு கடைசில இருந்து மறு கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்தாங்க, ஒரு பக்கம் டைட்டா வந்துச்சு, ரெண்டு பக்கமும் நீளமான ஹோஸ் போட்டாச்சு. இத எல்லா கடையிலயும் பார்ப்பாங்கன்னு எனக்குத் தோணல.

பின்னாடி லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல 2 இஞ்ச் பிளாக், புது யூ போல்ட். பழைய யூ போல்ட்ட திரும்ப மாட்டவே கூடாது, பிளாக் மேல பிளாக் அடுக்கவும் கூடாது. பின்னாடிய விட்டுட்டு முன்னாடிய மட்டும் தூக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2021 டிசம்பர்ல இருந்து இந்த ஸ்டேட்ல முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) பின் ஃபெண்டர விட 4 இஞ்ச்சோ அதுக்கு மேலயோ உயரமா இருந்தா சட்ட விரோதம்.

டயர் 235/75 ஆர்15ல இருந்து 265/75 ஆர்16க்கு மாத்தினேன், வீலும் சேர்த்து. இது முக்கியம், ஏன்னா லிஃப்ட் எவ்ளோ போட்டாலும் பின் டிஃப்ரென்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கிற கியர் பெட்டி) ஒரு நூல் கூட ஏறாது, அது ஏறணும்னா பெரிய டயர் தான் வழி. எனக்கு அது ஒண்ணேகால் இஞ்சுக்கு மேல கிடைச்சிருக்கு. கிராஸ்மெம்பர் இப்ப உரசறதே இல்ல. ஆனா சேறுல பின் சக்கரம் சுத்துறது அப்படியே தான் இருக்கு, டூ வீல் டிரைவ் டூ வீல் டிரைவ் தான், மழை நாள்ல பின்னாடி சாமான் ஏத்தற பெட்ல நாலு மூட்டை மண்ணு போட்டுட்டுத் தான் போறேன்.

ரோட்ல ஓட்டறதுக்கு பழைய மாதிரியே மெத்துனு இருக்கு, ஸ்பீட் பிரேக்கர்ல டம்முனு அடிக்கல. வளைவுல கொஞ்சம் சாயுது, உயரம் கூடினா அது இருக்கத் தான் செய்யும். டயர் பெருசானதால ஸ்பீடோமீட்டர் 60 காட்டுனா நிஜமா 65க்கு மேல போறோம், பார்த்து ஓட்டணும். ஹெட்லைட்ட இறக்கி செட் பண்ணிக்கோங்க, எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்.

ஒரே கடுப்பு அலைன்மென்ட். இவங்க கிட்ட மெஷின் இல்ல, வெளில ஒரு பெரிய செயின் கடைக்கு அனுப்பினாங்க. அங்க டோ (சக்கரம் நேரா பார்க்குதாங்கிற கோணம்) மட்டும் செட் பண்ணிட்டு மத்ததெல்லாம் சிவப்புலயே, அதாவது அளவு தப்பாவே இருக்கிற பேப்பர கைல குடுத்து முழு காசு வாங்கிட்டாங்க. இந்த வண்டில கேம்பரும் காஸ்டரும் (சக்கரம் திரும்பற அச்சு முன்ன பின்ன சாயற கோணம்) மேல் ஆர்ம் போல்ட்ல தான் செட் பண்ணணும், அதுக்கு கேம் போல்ட் கிட் தனியா போடணும், அத சொல்லக் கூட இல்ல. பெரியவர் கிட்ட சொன்னதும் அந்த கிட் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி லேபர் வாங்காம மாட்டிக் குடுத்தார், வேற இடத்துல அலைன் பண்ணி இப்ப ஸ்டீயரிங் நேரா நிக்குது.

டயர் வீல் தவிர பார்ட்ஸ், லேபர் எல்லாம் சேர்த்து 1400 டாலர் சுத்தி வந்துச்சு, அதுல பால் ஜாயின்ட்டும் அடக்கம். கேஷ் இல்லன்னா செக், ரெண்டு தான் வாங்குவாங்க, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஃபோன் பண்ணிட்டுப் போங்க. 500 மைல் ஓடினதும் யூ போல்ட்ட திரும்ப டைட் பண்ண வரச் சொல்வாங்க, அதுக்கு காசு கிடையாது, மறக்காம போயிட்டு வந்துருங்க.