இரவுக் கடல் பயணத்துக்கு முன்: படகுத்துறையா, நங்கூரமா?

மறுநாள் இரவு முழுவதும் கடலில் ஓடவேண்டிய பாய்மரப் படகை எங்கே நிறுத்துவது? பலரும் தடுமாறும் இடம் இது.

செலவு: படகுத்துறையில் படகின் நீளத்துக்கேற்ப வாடகை உண்டு. நங்கூரமிடுவது பெரும்பாலும் இலவசம். சில துறைமுகங்கள் அதற்கும் கட்டணம் கேட்கும்.

ஏற்பாடு: துறையில் டீசலும் குடிநீரும் அருகிலேயே கிடைக்கும். நங்கூரத்தில் நின்றால் அனைத்தையும் சிறு படகில் சுமக்கவேண்டும்.

உறக்கம்: என் தீர்ப்பை முடிவு செய்வது இதுதான். நள்ளிரவில் முறைவைத்துக் காவல் பார்க்கப்போகிறவர்களுக்கு முந்தைய இரவின் தூக்கம் எரிபொருளைப் போல் இன்றியமையாதது. துறையில் கயிறுகள் உறுதியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நங்கூரத்திலோ, உயர் ஓதத்தின்போது (கடல்மட்டம் மிக உயரும் நேரம்) உள்ள ஆழத்தையும் நீர்மட்டத்துக்கு மேல் படகின் முகப்பு உயரத்தையும் கூட்டி, அதைப் போல் 5 மடங்கு சங்கிலி விட்டிருந்தாலும், காற்று திசை மாறினால் ஒருவர் எழுந்து பார்த்தே ஆகவேண்டும்.

புறப்பாடு: நங்கூரத்தைத் தூக்கியதும் கிளம்பிவிடலாம். பக்கவாட்டுக் காற்றில் நெருக்கமான துறையை விட்டு வெளியேறுவது கடினம்.

தொட்டி காலி, குழுவினர் களைப்பு என்றால் தயங்காமல் படகுத்துறைக்குச் செல்லுங்கள். எல்லாம் நிரம்பியிருந்து, காற்றுக்கு மறைவான விரிகுடாவும் கிடைத்தால் நங்கூரமே போதும். சிறு படகை மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே தளத்தில் ஏற்றிக் கட்டிவிடுங்கள்.