குட்டியானையா, 407-ஆ?
பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு வீடு மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது வண்டி வாடகை இல்லை, புது வீட்டுச் சந்து. ரதவீதியை ஒட்டிய சந்துகளில் டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டியானை, வாசல்வரை வந்துவிடும். அதைவிடப் பெரிய டாடா 407 லாரி வளைவிலேயே நின்றுவிட, பீரோவை ஆள் வைத்துத் தூக்கணும், அதற்குத் தனிக் கூலி. ஆனால் குட்டியானையில் தொட்டி சுமார் 7 அடிதான், கட்டில், பீரோ, பிரிட்ஜ் ஏறினாலே நிறைந்துவிடும், அப்புறம் அம்மாவின் ஆட்டுரலும் பித்தளைக் குடங்களும் இரண்டாம் நடைக்குத்தான். நான் அப்படி இரண்டு நடை அடித்து, சுலோச்சனா முதலியார் பாலத்தில் காலை நெரிசலில் மாட்டி, பால் காய்ச்சக் குறித்த நல்ல நேரமே போச்சு. 407 என்றால் இரண்டு டன் தாங்கும், ஒரே நடை. சாமான் அதிகமுள்ள குடும்பத்துக்கு அதுதான் சரி. ஒற்றை அறைக்கு வெட்டிச் செலவு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி வாடகையில் சேர்த்தியா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கோங்க.