கீக்ஸ்: மூன்று வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

2022-இல் வேளச்சேரி வீட்டில், என் லேப்டாப்பில் இருந்த டெபியன் லினக்ஸைக் கழற்றாமல் அதன் மேலேயே கீக்ஸ் (Guix) என்ற பேக்கேஜ் மேனேஜரை, அதாவது மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் கருவியை, நிறுவினேன். இரண்டும் மோதிக்கொள்வதில்லை. கீக்ஸ் தன் பேக்கேஜ்களை எல்லாம் ஸ்டோர் என்ற தனி ஃபோல்டரில்தான் வைக்கிறது.

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் மூலம் எழுத்தாக்கித் தருவது என் வேலை. ஒரு வேலைக்குப் பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது. முன்பெல்லாம் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது படுத்துவிடும். இப்போது வேலைக்கு ஒரு புரொஃபைல். புரொஃபைல் என்பது ஸ்டோரில் உள்ள பேக்கேஜ்களுக்குப் போகும் இணைப்புகளின் தொகுப்பு, அவ்வளவுதான். ஸ்டோரில் ஒவ்வொரு பேக்கேஜின் பெயருக்கு முன்னாலும் 32 எழுத்து ஹாஷ் (அடையாளக் குறியீடு) இருக்கும். பேக்கேஜ் எந்த மென்பொருள் லைப்ரரிகளோடு, எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறும். அதனால் இரண்டு பைத்தான்களும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஒரே பேக்கேஜ் ஐந்து புரொஃபைலில் இருந்தாலும் டிஸ்க்கில் ஒரு முறைதான் இடம் பிடிக்கும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. முந்தின இரவு ஒரு புரொஃபைலை அப்டேட் செய்திருந்தேன். மறுநாள் தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, நெட் இல்லை. பேட்டரியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால், என் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது. ரோல்-பேக் கொடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பழையபடி ஓடியது. ஒவ்வொரு மாற்றத்தையும் கீக்ஸ் ஒரு புதிய ‘தலைமுறை’யாகச் சேமிக்கிறது. பின்வாங்குவது என்றால் ஒரே ஒரு இணைப்பை முந்தைய தலைமுறை பக்கம் திருப்புவதுதான். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. பேட்டரி தீர்வதற்குள் நாற்பது பக்கம் முடித்தேன்.

தமிழில் வேலை செய்பவர்கள் முதல் நாளே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீக்ஸ் டெர்மினலில் ‘அத்தியாயம்’ என்ற ஃபைல் பெயர் எனக்கு 340, 256 என்று எண் வரிசையாகத்தான் தெரிந்தது. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். ஜிலிப்சி-லோகேல்ஸ் (glibc-locales) பேக்கேஜை நிறுவி, லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) இருக்கும் பாதையை ஷெல் அமைப்பில் எழுதியதும் தமிழ் திரும்பி வந்தது.

கீக்ஸ் சூழலை டெபியனிலிருந்து பிரித்து வைக்கும் விஷயத்திலும் ஒரு பாடம். கேட்கிற பேக்கேஜ்களோடு தற்காலிகச் சூழலைத் தரும் ‘கீக்ஸ் ஷெல்’லைச் சும்மா திறந்தால் டெபியனில் உள்ள கருவிகளும் உள்ளே தெரியும். அப்படித்தான் ஒரு ஸ்கிரிப்ட் எனக்கு ஓடியது, தரமணியில் கூட வேலை பார்க்கும் தம்பிக்கு ஓடவில்லை. “அண்ணா, இமேஜ்மேஜிக் இல்லைன்னு சொல்லுது” என்றான். படங்களைக் கையாளும் அந்தக் கருவியை நான் பேக்கேஜ் பட்டியலில் எழுதவே இல்லை. என் டெபியனில் இருந்ததை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து யாருக்கும் அனுப்பும் முன் ‘கன்டெய்னர்’ விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்துவிடுவேன். அதில் நிற்கிற ஃபோல்டரைத் தவிர என் ஃபைல் எதுவும் தெரியாது. கேட்டுக் கொடுத்தால் ஒழிய நெட்டும் கிடையாது. விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. கீக்ஸையும் அதன் பேக்கேஜ் விவரங்களையும் புதுப்பிக்கும் ‘புல்’ மெதுவாகத்தான் முடியும். நான் அதைப் போட்டுவிட்டுக் காபி போடப் போய்விடுவேன். டிஸ்க்கும் நிறையும். பழைய தலைமுறைகள் இருக்கும்வரை அவற்றின் பேக்கேஜ்களைக் கீக்ஸ் அழிக்காது. ஒரு முறை டிஸ்க் முழுக்க நிரம்பிய பிறகுதான், பழைய தலைமுறைகளை நீக்கிவிட்டு, தேவையற்ற பேக்கேஜ்களை அழிக்கும் ‘ஜிசி’ ஓட்டும் பழக்கம் வந்தது. 256 ஜிபி டிஸ்க் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். ஒரு வேலை முடிந்ததும் அன்றைய சேனல் விவரத்தை (கீக்ஸ் எந்தப் பதிப்பில் இருந்தது என்பதை) ‘டிஸ்கிரைப்’ மூலம் ஒரு ஃபைலில் எழுதி, ஸ்கேன்களோடு போட்டு வைப்பேன். போன மாதம் 2022-இல் முடித்த புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் விட்டுப்போனதாகப் போன் வந்தது. கீக்ஸின் பழைய பதிப்பை ஓட்டும் ‘டைம்-மெஷினுக்கு’ அந்த ஃபைலைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தேன். அன்றைய டெசராக்ட், அன்றைய பைத்தான், அதே ஸ்கிரிப்ட். சாயங்காலம் பன்னிரண்டு பக்கமும் அனுப்பிவிட்டேன்.