பட்டப்பெயர் வைப்பதா, வைத்ததை மாட்டிக்கொள்வதா?

2024 அக்டோபர் 30. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே விமான நிலையம். துப்புரவுப் பணியாளர்கள் போடுகிற பளீர் நிற மேலங்கி ஒன்றை கோட் இல்லாமல் மாட்டிக்கொண்டு, வெள்ளைக் குப்பை லாரி ஒன்றை நோக்கி நடந்து வருகிறார் டொனால்ட் டிரம்ப். கதவின் கைப்பிடியைப் பிடிக்கப் போகிறார், கை நழுவுகிறது. 78 வயது ஆள். ஒரு கணம் தடுமாறி, பிடித்து, ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நிருபர்களிடம் கேட்கிறார்: “என் குப்பை லாரி எப்படி இருக்கு?”

இந்தக் காட்சிக்கு மூன்று நாள் முன்பு குப்பை அவர் தலையில்தான் கொட்டியிருந்தது. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருக்காக நடந்த கூட்டத்தில் ஒரு நகைச்சுவைக் கலைஞர், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவைக் கடலில் மிதக்கும் குப்பைத் தீவு என்றார். ஜனநாயகக் கட்சிக்கு அல்வா மாதிரி கிடைத்த வாய்ப்பு. சும்மா இருந்திருந்தாலே போதும். அதிபர் பைடன் பதில் சொல்லப்போய், டிரம்பின் ஆதரவாளர்களையே குப்பை என்று சொன்னதுபோல் வாயை விட்டுவிட்டார். அவர் சொன்னது ‘ஆதரவாளர்கள்’ என்று பன்மையா, ‘ஆதரவாளருடைய’ பேச்சு என்று ஒருமை வேற்றுமையா என வெள்ளை மாளிகை ஒரு ஒற்றை மேற்குறியை வைத்து இலக்கண விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. லாரி அதற்குள் வந்துவிட்டது.

அமெரிக்க அதிபர் தேர்தலில் கேலியை இரண்டு விதமாகக் கையாளலாம். எதிராளி மேல் எறியலாம். அல்லது எதிராளி எறிந்ததை எடுத்துத் தானே மாட்டிக்கொள்ளலாம். எது லாபம்? என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஓட்டு இல்லை.

எறிவதில் டிரம்பை மிஞ்ச ஆள் இல்லை என்பது பொது அபிப்பிராயம். ‘சுரத்தில்லாத ஜெப்’, ‘குட்டி மார்க்கோ’, ‘தில்லுமுல்லு ஹிலாரி’, ‘தூங்குமூஞ்சி ஜோ’ என்று அவர் வைத்த பெயர்களைத் தமிழில் சொன்னாலும் ஒட்டுகின்றன. 2016இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் டிரம்போடு மோதிய ஜெப் புஷ் உண்மையிலேயே எழவில்லை. அவரைத் தூக்கி நிறுத்த 100 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டியும், அந்தப் பிப்ரவரியில் தென் கரோலினா மாநிலத்தின் வேட்பாளர் தேர்வோடு மூட்டை கட்டினார். ஆனால் ‘தூங்குமூஞ்சி ஜோ’ பைடன் 2020இல் 306 தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாகச் சேர்ந்து அதிபரை முடிவு செய்பவை) வாங்கி ஜெயித்தார். ஒரே கை, ஒரே கல். ஒரு தடவை மண்டை உடைந்தது, இன்னொரு தடவை உடையவில்லை.

அந்தக் கையைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர், அதே போட்டியில் இருந்த மார்க்கோ ரூபியோ. 2016இல் டிரம்பின் கைகள் சின்னதாக இருக்கின்றன என்று மேடையில் கேலி செய்து பார்த்தார். கூட்டம் சிரித்தது. சில வாரங்களில் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவிலேயே தோற்று விலகினார். அப்படிப் பேசியதற்குப் பின்னால் வருத்தமும் தெரிவித்தார். 2025இல் அதே டிரம்பின் வெளியுறவு அமைச்சராக ஆனது தனிக்கதை.

கல் எறிபவர் வேட்பாளராகக்கூட இருக்க வேண்டியதில்லை. 1884இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாமுவேல் பர்ச்சர்ட் என்ற பாதிரியார் எதிர்க்கட்சியை ‘சாராயம், ரோமானிய மதம் (கத்தோலிக்கம்), கலகம்’ ஆகியவற்றின் கட்சி என்று, ஆங்கிலத்தில் மூன்று சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும் மோனையோடு பேசினார். பிளேன் அந்த இடத்திலேயே மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. நியூயார்க்கின் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கொதித்துப் போனார்கள். அந்த மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் கோட்டைவிட்டார், தேர்தலும் போயிற்று. மோனை நன்றாக அமைந்துவிட்டால் வாயை அடக்குவது கஷ்டம்தான், நமக்குத் தெரியாததா.

இனி மாட்டிக்கொள்கிற பக்கம். 1840 தேர்தலுக்கு முன்பு ஜனநாயகக் கட்சி ஆதரவு பால்டிமோர் பத்திரிகை ஒன்று, அன்றைய எதிர்க்கட்சியான விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனைக் கேலி செய்தது: கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்தால் போதும், மரக்குடிசையில் உட்கார்ந்து மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். விக் கட்சிக்காரர்கள் கோபப்படவில்லை. ஊர் ஊராக வண்டியில் மரக்குடிசை வைத்து இழுத்தார்கள், பீப்பாயைத் திறந்து ஊற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹாரிசன் வர்ஜீனியாவின் பெரிய பண்ணைவீட்டில் பிறந்தவர், அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். எதிரே நின்ற அதிபர் வான் பியூரன்தான் சாராயக்கடைக்காரர் மகன். 1837 பொருளாதாரச் சரிவில் அடிபட்டிருந்த மக்களுக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. தேர்வாளர் வாக்கு ஹாரிசனுக்கு 234, வான் பியூரனுக்கு 60. குடிசையைப் பழித்தால் குடிசையில் இருப்பவனுக்குக் கோபம் வரும் என்று பத்திரிகைக்காரருக்குத் தோன்றவில்லை போலும்.

2016 செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டன் அதே குழியில் விழுந்தார். டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை ‘அருவருக்கத்தக்கவர்கள்’ கூடையில் போடலாம் என்றார், அதுவும் நிதி திரட்டும் நிகழ்ச்சியில், காசுள்ளவர்கள் முன்னால். ‘பாதி’ என்றதற்கு மறுநாள் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் அந்த வார்த்தை டீ-சட்டையில் ஏறிவிட்டது. குடிசை, கூடை, குப்பை மூன்றிலும் அடி வேட்பாளர் மேல் விழவில்லை, வாக்காளர் மேல் விழுந்தது. அதனால்தான் லட்சக்கணக்கான பேர் சேர்ந்து மாட்டிக்கொள்ள முடிந்தது.

வேட்பாளரின் சொந்தக் குறையைக் குத்தினால் நிலைமை வேறு. 2021 அக்டோபரில் அலபாமாவின் டல்லடிகா கார் பந்தயத்தில் கூட்டம் பைடனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கோஷம் போட, தொலைக்காட்சி நிருபர் அதை ‘போகலாம் பிராண்டன்’ என்று பந்தயத்தில் ஜெயித்தவருக்கான வாழ்த்தாகச் சொல்லிவிட்டார். குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அது சங்கேத வசவு ஆனது. 2022இல் பைடன் ஆட்கள் அதைப் பறித்து, கண்ணிலிருந்து சிவப்பு லேசர் பாயும் ‘டார்க் பிராண்டன்’ ஆக்கினார்கள், பிற்பாடு காபிக் கோப்பையில் அச்சடித்தும் விற்றார்கள். 2023 வெள்ளை மாளிகை நிருபர்கள் விருந்தில் பைடனே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்க வைத்தார். நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன். ஆனால் 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் 81 வயதுக்காரர் வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றபோது லேசர் எதற்கும் உதவவில்லை. மூன்றே வாரத்துக்குச் சற்று அதிகம், போட்டியிலிருந்தே விலகினார்.

அவர் இடத்துக்கு வந்த கமலா ஹாரிஸிடம் தென்னை மரம் இருந்தது. “என்ன, தென்னை மரத்திலிருந்து விழுந்தோம்னு நினைப்பா?” என்று அம்மா சியாமளா கோபாலன் கடிந்துகொள்வார் என 2023இல் சொல்லிச் சிரித்திருந்தார். சென்னைக்காரரான அம்மா தமிழில் திட்டியிருந்தால் ‘வானத்திலிருந்து குதிச்சியா’ என்றிருப்பார். எதிர்க்கட்சியினர் அந்தக் காணொளியைக் கிண்டலுக்கு ஓட்டினார்கள், ஆதரவாளர்கள் பெயருக்குப் பக்கத்தில் தென்னையும் தேங்காயும் போட்டுக்கொண்டார்கள். சொந்த ஆட்களுக்கு உற்சாகம்தான். முடிவு எண்ணிக்கையில் 226 தேர்வாளர் வாக்குதான், தோற்றார்.

வயது என்ற குறையை ஒருவர் மாட்டிக்கொண்டு ஜெயித்ததும் உண்டு. 1984 அக்டோபரில் லூயிவில் நகர விவாதத்தில் 73 வயது ரீகன் திணறினார். இரண்டு வாரம் கழித்து கன்சாஸ் சிட்டியில் பத்திரிகையாளர் ஹென்றி ட்ரூவிட் அந்த வயதைப் பற்றியே கேட்டார். வயதைப் பிரச்சினையாக்க மாட்டேன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். எதிராளி மான்டேலுக்கு 56 வயது, துணை அதிபராக இருந்தவர். அரங்கம் குலுங்கியது. பைடனுக்குக் கிடைக்காத இரண்டாவது மேடை ரீகனுக்குக் கிடைத்தது, அதில் அவர் தெளிவாகவும் பேசினார். ஜோக் மட்டும் இருந்திருந்தால் தேறியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 49 மாநிலங்கள் அவருக்கு. மான்டேலுக்கு மின்னசோட்டாவும் தலைநகரும்.

அந்தக் காணொளியில் மான்டேலும் வாய்விட்டுச் சிரிக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் கண்ணில் நீர் தெரியும், தேர்தல் போயிற்று என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது என்று பிற்பாடு அவரே பேட்டியில் சொன்னார்.