உண்ணி, தெள்ளுப்பூச்சி: நாய்களுக்கு இயற்கை முறையில் நாங்கள் செய்து பார்த்தவை

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். செவலை சிப்பிப்பாறைக் கலப்பு. ராணி தெருவிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட நாட்டு நாய். பாளையங்கோட்டைக்கு வெளியே, காலி மனைகளும் உடைமரக் காடும் சூழ்ந்த இடம். ஆடு மேய வரும், தெருநாய்கள் வாசலில் வந்து படுக்கும். அதனால் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இங்கே பஞ்சமே கிடையாது. மருந்தைக் கூடியமட்டும் குறைத்துக்கொண்டு, கைக்கு எட்டுகிற பொருட்களை வைத்தே இரண்டையும் பல வருடங்களாகச் சமாளித்து வருகிறோம். இதில் எது பலன் கொடுத்தது, எது வாசனையோடு நின்றுவிட்டது, எதைத் தொடவே கூடாது என்று எழுதுகிறேன்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். தெள்ளுப்பூச்சியை இயற்கை வழியிலேயே அடக்கிவிடலாம். உண்ணியை நன்றாகக் குறைக்கலாம், ஆனால் முழுவதும் நிறுத்த முடியாது. இரண்டு விஷயத்திலும் நாய் மேல் தடவியதைவிட, அது படுக்கிற இடத்தில் செய்த வேலைதான் அதிகம் உதவியது.

காரணம் இந்தப் பூச்சிகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் காண்பது பழுப்பு நாய் உண்ணி. குஞ்சாக ஒரு தடவை, இளம் உண்ணியாக ஒரு தடவை, வளர்ந்தபின் ஒரு தடவை என்று மூன்று முறை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு இறங்கிவிடும். ஆமணக்கு விதை போல ஊதிக்கொண்டு கீழே விழுகிற பெண் உண்ணி, சுவர் விரிசலிலோ கதவு நிலை இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். வளர்ந்த உண்ணி தீனி இல்லாமலே பல மாதம் காத்திருக்கும். தெள்ளுப்பூச்சி நாய் மேலேயே முட்டையிட்டாலும் முட்டை நிற்காமல் உதிர்ந்து படுக்கையில் விழும். புழு அங்கேயே வளர்ந்து கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். பக்கத்தில் அசைவும் உடல் சூடும் தெரிந்தால்தான் வெளியே வரும். ஆக, நாய் மேல் நாம் காண்பது ஒரு பங்குதான். மீதியெல்லாம் வீட்டில் இருக்கிறது.

எங்கள் பின் வராந்தாவில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. செவலை பகலெல்லாம் அதன் அடியில்தான் படுப்பான். கட்டிலைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தபோது கால் பொருந்துகிற சந்துகளிலும் கயிற்று முடிச்சுகளிலும் உண்ணி அடை அடையாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னாலும் இருந்தது. இந்த உண்ணிக்கு மேலே ஏறுகிற பழக்கம் உண்டு. தரையை மட்டும் கழுவினால் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது. கட்டிலை வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றினோம், கயிற்றை அவிழ்த்து எரித்தோம். வராந்தாச் சுவரின் விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தோம். சாக்குப் படுக்கையை எடுத்துவிட்டுப் பழைய வேட்டிகளை மடித்துப் போட்டோம். வேட்டியை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கித் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போடலாம். சாக்கை அப்படிச் செய்ய முடியாது. பங்குனி, சித்திரை வெயில் இந்த வேலைக்கு நல்ல துணை. தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் வறண்ட சூட்டைத் தாங்காது, ஈரமும் நிழலும் இருந்தால்தான் பிழைக்கும்.

கூட்டிய குப்பையை முற்றத்தில் தட்டிவிடக் கூடாது, அது திரும்ப வீட்டுக்குத்தான் வரும். சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டிவிடுங்கள். இன்னொன்று, இரண்டு வாரம் சுத்தம் செய்து பூச்சி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கூட்டுக்குள் இருப்பதும் சந்துக்குள் பசியோடு காத்திருப்பதும் பிறகுதான் வெளியே வரும். குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். பலர் "வேப்பெண்ணெய் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று அலுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, வேப்பெண்ணெய்க்கு வருவோம். செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் பத்துப் பங்கு. இதைவிடக் கெட்டியாகப் போட்டால் ராணிக்குத் தோல் சிவந்து சொறிய ஆரம்பித்துவிடும். உடம்பு முழுக்கப் பூச வேண்டாம். காதுக்குப் பின்னால், கழுத்தில், அக்குளில், விரல் இடுக்கில், வாலடியில் என்று உண்ணி விரும்பி ஒட்டுகிற இடங்களில் விரலால் தொட்டு வைத்தால் போதும். முதல் தடவை ஒரு சின்ன இடத்தில் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள். இதில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் வளர்ச்சியைக் கெடுக்கும், வாடை கொஞ்சம் விரட்டவும் செய்யும். ஏற்கெனவே வாய் பதித்து ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிற உண்ணியை அது கழற்றாது. நாங்கள் பார்த்தவரை வாடை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். அதற்குள் செவலை போய் மண்ணில் புரண்டுவிடுவான். சாயங்கால நடைக்கு முன்னால் போடுகிற விரட்டியாக வைத்துக்கொண்டால் இதற்கு ஒரு மதிப்பு உண்டு, அவ்வளவுதான். நாய் நக்கி அதிகமாக உள்ளே போனால் எச்சில் வடியும், வாந்தி வரும். வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வேப்பிலை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டுவதும் எங்கள் வழக்கம். தோல் அரிப்புக்கு அது இதமாக இருக்கிறது. ஆனால் தெள்ளுப்பூச்சியைக் கொல்வது வேப்பிலையைவிடச் சோப்பு நுரைதான். ஒரு சூட்சுமம் உண்டு: முதலில் கழுத்தைச் சுற்றி நுரையை வளையமாகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உடம்பு நனைந்ததும் பூச்சியெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். நுரையோடு ஐந்து, பத்து நிமிடம் நிறுத்திவைத்துப் பிறகு கழுவினால் செத்த பூச்சிகள் தண்ணீரோடு ஓடும். உண்ணி இதற்கெல்லாம் அசையாது.

செலவே இல்லாத, எனக்கு மிகவும் பிடித்த கருவி பேன்சீப்பு. ஆச்சி தலை வாரிய அதே நெருக்குப் பல் சீப்பு. வாலடியிலிருந்து முதுகுப் பக்கம் மெதுவாக வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். கறுப்புத் தூள் வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் வீட்டில் இருக்கிறது என்று பொருள். அப்புறம், தெள்ளுப்பூச்சியை விழுங்குகிற நாய்க்கு நாடாப்புழு வரும். ஆசனவாய்ப் பக்கம் வெள்ளையாகச் சிறு துணுக்குகள் நெளிந்தால் குடற்புழு மருந்துக்கு மருத்துவரைப் பாருங்கள், அதற்கு வீட்டு வைத்தியம் வேண்டாம்.

உண்ணியைக் கையால் தேடி எடுப்பதற்கு ஈடான இயற்கை முறை எதையும் நான் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் நடை முடிந்து வந்ததும் காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, தாடை, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்போம். நாய்களும் இதற்குப் பழகிவிட்டன. ராணி தானாகவே மல்லாந்து படுத்துக்கொள்வாள். முள் எடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். நெருப்புக் காட்டுவது, மண்ணெண்ணெய் விடுவது, எண்ணெய் ஊற்றி மூச்சுமுட்ட வைப்பது எதுவும் கூடாது. தொந்தரவு செய்யச் செய்ய உண்ணி தன் எச்சிலை நாயின் ரத்தத்துக்குள் இன்னும் விடும். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். மனிதருக்கும் காய்ச்சல் தருகிற கிருமிகள் அதில் உண்டு. கீழே போட்டு நாய் தின்னவும் விடாதீர்கள்; ஹெப்பட்டோசூன் என்ற கிருமி பெரும்பாலும் உண்ணியை விழுங்குவதால்தான் பரவுகிறது. மூடி போட்ட டப்பாவில் சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ வைத்து அதில் போட்டுவிடுங்கள்.

முற்றத்தில் புல்லை ஒட்ட வெட்டி, சருகு சேராமல் பார்த்துக்கொள்கிறோம். செடிப் பாத்திகளில் வேப்பம் பிண்ணாக்கு போடுகிறோம். நாட்டுக்கோழிகள் சுவரோரம் கிளறி உண்ணியைப் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோழி சுவர் இடுக்குக்குள் போகாதே. அதனால் அதை ஒரு கூடுதல் உதவி என்று மட்டும் சொல்லலாம். டயாட்டம் மண் என்று விற்கிற வெள்ளைப் பொடி, காய்ந்த சந்துகளில் தூவினால் பூச்சியின் மேல்தோலைக் கீறி உலரவைக்கும். ஈரம் பட்டால் உதவாது, தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கழுவி விடுகிற வராந்தாவில் எங்களுக்கு அது பயன்படவில்லை. ஆப்பிள் வினிகரும் எலுமிச்சைச் சாறும் வாடையோடு சரி. சொறிந்த புண்ணில் பட்டால் எரியும், நாய்க்கு அது வேதனை.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இயற்கை என்ற பெயரில் நாய்க்கு விஷம் கொடுப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உணவில் கலந்து கொடுத்தால் உண்ணி ஏறாது என்பதை நம்பாதீர்கள். புகையிலைத் தண்ணீர் நிகோட்டின் விஷம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவதும் ஆபத்து, நக்கினால் வலிப்பு வரலாம். டீ ட்ரீ ஆயில் இரண்டு மூன்று சொட்டுதானே என்று நினைக்க வேண்டாம், அது நாயின் நரம்பைப் பாதிக்கும். பேனுக்கு அரைத்துப் போடுகிற சீத்தாப்பழ விதை கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். மாடுகளின் உண்ணிக்குத் தேசிய பால்வள வாரியம் பரப்பிவருகிற மூலிகைக் கரைசலில் வேப்பிலை, துளசி, மஞ்சளோடு பூண்டு, வசம்பு, உண்ணிச்செடி இலையும் சேரும். அது மாட்டுக்கென்று வகுத்தது. நாய் தன் உடம்பை ஓயாமல் நக்குகிற பிராணி, அதன்மேல் அதைத் தெளிக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஒரு கோடை மழைக்குப் பிறகு செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. சோறு வேண்டாம் என்று ஒதுங்கிப் படுத்தான். ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் லேசாக ரத்தம் கசிந்தது. ரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா என்ற கிருமி இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்து மீட்டோம். ஒட்டிய சில மணி நேரத்திலேயே இந்தக் கிருமியை உண்ணி கடத்திவிடும். நாம் சாயங்காலம் தேடி எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடலாம். இயற்கை முறையின் எல்லை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அங்கேதான்.

அதிலிருந்து உண்ணி பெருகுகிற மாதங்களில் மட்டும் மருத்துவர் எடை பார்த்து எழுதிக் கொடுக்கிற மாத்திரையைக் கொடுக்கிறோம். அஃபாக்ஸோலானர் வகை ஒரு மாதத்துக்கு, ஃப்ளூராலானர் வகை 12 வாரத்துக்கு வேலை செய்யும். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் சுத்தமும் சீப்பும் விரல் தேடலும் போதுமானதாக இருக்கின்றன. தெள்ளுப்பூச்சி எங்கள் வீட்டில் அநேகமாக இல்லை. உண்ணி எப்போதாவது ஒன்றிரண்டு, அதுவும் வெளியே போய் வந்த அன்று.

குட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் குட்டிகளுக்கு வேப்பெண்ணெயும் வேண்டாம், நீங்களாக வாங்கும் மாத்திரையும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி உடனே துவட்டி, பேன்சீப்பால் வாரி, உண்ணியைக் கையால் எடுங்கள். தாய் நாயையும் படுக்கையையும் அதே நாளில் சுத்தம் செய்யுங்கள். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். அதற்கு உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம். தெள்ளுப்பூச்சி குடிப்பதிலேயே குட்டி செத்துப்போகும்.