வம்சாவளி ஆய்வு என்ற பெயரில் 2,400 டாலரைப் பறிகொடுத்தோம்: எச்சரிக்கை

மூன்று நாட்களுக்கு முன்பு கடன் அட்டை வங்கியிடமிருந்து இறுதிப் பதில் வந்தது. ஒப்புக்கொண்ட சேவை வழங்கப்பட்டுவிட்டதால் தொகையைத் திருப்பித் தர வழியில்லையாம். 2,400 டாலர் போனது போனதுதான். ஆத்திரம் ஆறிவிட்டால் பாதி விவரம் விட்டுப்போகும் என்பதால் இன்றே எழுதிவிடுகிறேன். அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு இரு பக்க முன்னோரையும் சொல்லித் தர ஆசைப்படுகிற எவரும் இந்த வலையில் விழக்கூடும்.

என் கணவரின் குடும்பம் பல தலைமுறைகளாகக் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்கிறது. மாமனாருக்கு இந்த ஆண்டு எண்பது நிறைந்தது. ஊரில் இருந்திருந்தால் சதாபிஷேகத்துக்கு நாள் பார்த்திருப்போம். இங்கே அவருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, அவர் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் குடும்ப பைபிள்தான் நினைவுக்கு வந்தது. அதன் முன்பக்கத்தில் 1779-இல் நடந்த ஒரு திருமணத்தில் தொடங்கி, பிறப்புகளும் இறப்புகளும் பழுப்பேறிய மையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் திருமணத்துக்கு முன்பு தம் குடும்பம் எங்கே இருந்தது, எப்போது கடல் கடந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அது எளிய வேலையல்ல. அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1790-இல்தான் நடந்தது; 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவாயிற்று, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான். அதற்கு முந்தைய காலத்துக்கு ஊர்ப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானக் குறிப்பு, உயில், நிலப்பத்திரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு அதைச் செய்ய முடியாது என்று நினைத்துத்தான், பல துறை வல்லுநர்களையும் வேலை கொடுப்பவர்களையும் இணைத்துவைக்கும் ஓர் இணையச் சந்தையில் ஆள் தேடினேன். காலனியாட்சிக் கால நியூ இங்கிலாந்துக் (கனெக்டிகட் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) குடும்பங்களே தம் சிறப்புத் துறை என்று ஒருவர் போட்டிருந்தார். ஐந்து நட்சத்திரங்களும் நூற்றுக்கு மேற்பட்ட பாராட்டுகளும் அவர் பெயருக்குக் கீழே இருந்தன.

நான் அவரை நம்பிய நொடி இன்னும் கண்முன் நிற்கிறது. காணொளி அழைப்பில் பைபிளின் முன்பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அதில் ஒரு சொல்லை நாங்கள் எல்லாருமே யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தோம். அவர் தயங்கவே இல்லை. அந்தக் காலத்தில் சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்தை 'எஃப்' போல நீட்டி எழுதுவார்கள், அது பெயரே அல்ல, 'டிசீஸ்டு', அதாவது காலமானவர் என்று பொருள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என் கையை அழுத்தினார். ஒரு தலைமுறையே தவறாகப் படித்துவந்த சொல்லை ஒரு பார்வையில் படித்துச் சொன்னவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அன்று இரவே 600 டாலர் முன்பணம் அனுப்பினேன்.

பத்தே நாளில் "மிகப் பெரிய கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தது. குடும்பத்தின் முதல் முன்னோர் 1635-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலிருந்து வந்து கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்டில் குடியேறியவர் என்றும், இங்கிலாந்தில் அவருடையது நிலப்பிரபுக் குடும்பம் என்றும், இங்கிலாந்து ஆவணங்களைத் திறந்து பார்க்க மேலும் 1,800 டாலர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அனுப்பினேன். ஆக மொத்தம் 2,400 டாலர். மூன்று வாரத்தில் 46 பக்க அறிக்கையும், பொன்னிறக் குலச்சின்னம் பொறித்த வம்சாவளிப் படமும் வந்தன. படத்தைச் சட்டமிட்டுப் பிறந்தநாளன்று கொடுத்தோம். மாமனார் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். கடைசிப் பெயருக்கு வரும்போது அவருக்குக் குரல் அடைத்துக்கொண்டது.

அவருடைய தங்கை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. விருந்தில் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றவர், அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஐந்தாவது வரிசையில் இருக்கும் திருமணத் தேதியைப் படிக்கச் சொன்னார். 1752 செப்டம்பர் 7 என்று படித்தேன். அப்படி ஒரு நாளே இங்கே இருந்ததில்லை என்றார்.

பிரிட்டனும் அதன் அமெரிக்கக் காலனிகளும் பழைய ஜூலியன் நாள்காட்டியைக் கைவிட்டுப் புதிய நாள்காட்டிக்கு மாறியது அந்த ஆண்டில்தான். அதற்காகப் பதினொரு நாட்களை நீக்கினார்கள்; 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்கு முன்பு ஆண்டு பிறந்ததும் ஜனவரியில் அல்ல, மார்ச் 25-இல். அதனால்தான் ஜனவரி முதல் மார்ச் 24 வரை விழும் பழைய தேதிகளை 1691/92 என்று இரட்டை ஆண்டாக எழுதும் வழக்கம் ஆய்வாளர்களிடையே இருக்கிறது. எங்கள் அறிக்கையில் அந்த மாதங்களில் விழும் தேதிகள் பன்னிரண்டு இருந்தும், ஒன்றில்கூட இரட்டை ஆண்டு இல்லை. இந்தத் துறையில் அடியெடுத்து வைப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் இது. நீண்ட 'எஸ்' எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? உட்கார்ந்து தேடியிருந்தால் இந்தத் தேதி வந்திருக்காது. மனம்போனபடி எழுதி நிரப்பியிருக்கிறார்கள்.

அதன்பிறகு நானே அறிக்கையைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். கனெக்டிகட் ஊர்களின் 1850-க்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் திரட்டிய பார்பர் தொகுப்பு ஹார்ட்ஃபர்டில் உள்ள மாநில நூலகத்தில் இருக்கிறது. ஊர்ப் பதிவேட்டின் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்பது அதில் ஒவ்வொரு குறிப்போடும் தரப்பட்டிருக்கும். எங்கள் அறிக்கையிலும் அதே பாணியில் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் அச்சிட்டிருந்தார்கள். அப்படி எண் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியிருந்தது. 'ஞானஸ்நானப் பதிவு' என்று குறித்திருந்த ஒரு பக்கத்தின் படத்தைத் தேடியெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மாடுகளின் காதுக்குறிப் பட்டியல்! பொது மேய்ச்சலில் மாடுகள் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு குடும்பமும் தன் மாட்டின் காதில் வெட்டும் அடையாளத்தை ஊர்ப் பதிவேட்டில் எழுதிவைப்பது அந்தக் கால வழக்கம். இடக்காது நுனியில் ஒரு வெட்டு, வலக்காதின் அடியில் அரைப்பென்னி வடிவில் ஒரு கொத்து என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையின் பெயரும் இல்லை.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. அந்தக் காலப் பதிவேட்டில் 'ஜூனியர்' என்றால் மகன் என்று கட்டாயமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவரை அப்படிக் குறிப்பார்கள், அவர் மூத்தவரின் தம்பி மகனாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். அறிக்கையில் கண்ட ஜூனியர்களையெல்லாம் கேள்வியில்லாமல் மகனாக்கியிருக்கிறார்கள். அப்படி ஒட்டியதில் ஒரு பெண், தான் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பிள்ளை பெற்றிருக்கிறாள். குலச்சின்னமும் பொய். ஆங்கிலேய மரபில் குலச்சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய நேர்வழி வாரிசுகளுக்கும் உரியது. ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட எல்லாருக்கும் உரியதல்ல.

இத்தனையையும் எழுதி விளக்கம் கேட்டேன். முதலில், மூத்த ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அதுவரை 'நான்' என்று பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் அன்றுதான் 'நாங்கள்' ஆனார். ஒரு வாரம் கழித்து, பழைய ஆவணங்களில் முரண்பாடு இயல்பு என்று பதில் வந்தது. மூலப் பக்கங்களின் படங்களைத் தாருங்கள் என்றேன். அது மேல்நிலைத் திட்டத்தில்தான் அடங்கும், கூடுதலாக 400 டாலர் ஆகும் என்றார்கள். 2,400 டாலர் வாங்கிக்கொண்டு, ஆதாரத்தைக் காட்ட இன்னும் 400 கேட்கிற நெஞ்சழுத்தத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையோ, கோப்பு கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் புகார் தரவில்லை என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டது. வங்கியின் பதிலை மேலே சொல்லிவிட்டேன். உள்ளடக்கம் உண்மையா என்று இந்த மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

இது புதிய மோசடியும் அல்ல. ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்தாவ் ஆன்ஜூ (1863–1942) என்பவர், செல்வந்தர்களுக்குப் பிரபு வம்சத்தைக் கற்பித்து எழுதிக் கொடுத்துப் பணம் பார்த்தவர். அவர் புனைந்த முன்னோர்கள் இன்றும் பலருடைய குடும்ப மரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் 46 பக்கமும் நாளை யாராவது ஒருவருடைய இணைய மரத்தில் நகலாகிவிடும் என்று நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக வயிறு எரிகிறது.

ஏனென்றால் உண்மையான குடும்பத்தின் தடம் கையெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கக்கூடிய உயில், சொத்துப் பிரிவினைப் பக்கங்களில், மாமனாரின் பைபிளில் வரும் அதே பெயர்கள் கொண்ட ஒரு குடும்பத்தைக் கண்டேன். அந்தக் குடும்பத் தலைவர் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியல் அது: ஓர் இரும்புக் கெட்டில், பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவைத் தட்டுகள் இரண்டு, ஒரு நூற்கும் ராட்டினம், ஒரு பசு. கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை விதவைக்கு. அடியில் அவருடைய கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில், மை கொஞ்சம் படர்ந்த ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் எழுத்தர், 'அவருடைய குறி' என்று எழுதியிருக்கிறார். இவர்தான் எங்கள் பிள்ளைகளின் பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. நிலப்பத்திரம் பார்க்க வேண்டும், கனெக்டிகட்டில் அது அந்தந்த ஊர் எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் சஃபோக் சீமாட்டி ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். மூலப் பக்கத்தின் படத்தைத் தராதவருக்கு ஒரு டாலர்கூடத் தராதீர்கள். முதல் வாரத்திலேயே பிரபு குடும்பத்தையோ குலச்சின்னத்தையோ கண்டுபிடித்துவிட்டேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மொத்தத் தொகையையும் அறிக்கை வருவதற்கு முன்பே கொடுக்காதீர்கள். கோப்பு வந்த அன்றே இரண்டு மூன்று மேற்கோள்களை நீங்களே திறந்து பாருங்கள், புகாருக்கான கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த நூறு பேரில் எத்தனை பேர் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

சட்டமிட்ட படம் இன்னும் மாமனாரின் வரவேற்பறையில்தான் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருக்கல் குறி இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நானும் கணவரும் அவரைப் பார்க்கப் போகிறோம்.