டம்ளருக்குள் உட்காரும் பூனைக்குட்டிக்கு முன்பணம் அனுப்பும் முன்

மதுரையிலிருந்து எழுதுகிறேன். போன ஆனி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது. சொல்லாமல் விட்டால் இன்னொருவர் வீட்டிலும் நடக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்த மகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் காட்டியது ஒரு இன்ஸ்டா ரீல். மூன்று வெள்ளைக் குட்டிகள். அதில் ஒன்று பித்தளை டம்ளருக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ‘டீகப் பெர்சியன்’ என்று போட்டிருந்தார்கள். விற்பவரிடம் பேசினேன். “அக்கா, நாலு மாசக் குட்டி. இதுக்கு மேல வளராது. எவ்வளவு வயசானாலும் ஒரு கிலோ தாண்டாது. நீலக் கண்ணு, கேரண்டி” என்றார். விலை 28,000 ரூபாய். பாதியை ஜிபேயில் முன்பணமாக அனுப்பினேன். பஸ்ஸில் ஏற்றிய வீடியோ வந்ததும் மீதியையும் அனுப்பிவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் விடியற்காலை ஐந்தரைக்கு ஆம்னி பஸ் கிளீனர் என் கையில் கொடுத்தது ஒரு ஷூ டப்பா. நாலு ஓட்டை போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். உள்ளே ஈரத் துணியில் குட்டி சுருண்டு கிடந்தது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது: “பால்ல ஊறவச்ச பிஸ்கட், காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். அதுக்கு மேல குடுத்தா சைஸ் ஏறிடும்க்கா.” பட்டினி போட்டுத்தான் சிறிதாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு நாள் அவர் சொன்னபடியேதான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குட்டியின் கழுத்து நிற்கவில்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. டாக்டர் தராசில் வைத்தார், 410 கிராம். கட்டைவிரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாலு மாசம்னு யார்மா சொன்னது? நாலு மாசத்துல பால் பல்லு விழுந்து புதுப்பல்லு முளைக்க ஆரம்பிச்சிருக்கும். இதுக்கு இன்னும் கடைவாய்ப் பால் பல்லே முழுசா வரலை. அஞ்சு வாரம் இருந்தா அதிகம்” என்றார். நீலக் கண்ணைப் பற்றிக் கேட்டேன். எல்லாப் பூனைக்குட்டிக்கும் முதலில் கண் நீலமாகத்தான் இருக்கும், ஆறேழு வாரத்துக்குப் பிறகுதான் நிஜ நிறம் தெரியும் என்றார். தாய்ப்பால் மறக்காத பிள்ளையைப் பிரித்துக்கொண்டுவந்து, வளராத ஜாதி என்று விற்றிருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஈறில் குளுக்கோஸ் தடவி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஊசியும் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து அது மெல்ல வாயைத் திறந்து கத்தியபோது என் மகள் அழுதுவிட்டாள்.

டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. பூனைக்குட்டி வாரத்துக்குச் சுமார் நூறு கிராம் ஏறும். நாலு மாதத்தில் இரண்டு கிலோவை நெருங்கும். ‘டீகப்’ என்று ஒரு ஜாதியே கிடையாது. வயதை ஏற்றிச் சொன்ன பச்சைக் குட்டியாக இருக்கும், இல்லையென்றால் ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்ததாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் பட்டினி போட்டதாக இருக்கும். உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனை நம் நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. வளர்ந்தால் அதுவே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரும். (அதைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்ட ஒரு சொந்தக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. தொடக்கூடாது.)

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘அக்கா’ போய் ‘மேடம்’ ஆகிவிட்டேன். “குட்டியைத் திருப்பி அனுப்புங்க மேடம், எக்ஸ்சேஞ்ச்ல மன்ச்கின் தர்றோம். குட்டைக் காலு, ஆயுசுக்கும் குட்டி மாதிரியே இருக்கும்” என்றார். ஒரு நிமிடம் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அன்று இரவே அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மன்ச்கினின் குட்டைக் கால் ஒரு மரபணுக் கோளாறு. கால் எலும்பு சரியாக நீளாது. அந்த மரபணு தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் கரு வயிற்றிலேயே செத்துப்போகும். 1983-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கிடைத்த ஒரு தெருப்பூனையிலிருந்து பெருக்கிய வம்சம் இது. பூனை ஜாதிகளைப் பதிவுசெய்யும் சங்கங்கள் பலவும் இன்றுவரை இதை ஒரு ஜாதியாக ஏற்கவில்லை. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டின் கதை இன்னும் வேதனை. காதை மடக்கும் அதே குருத்தெலும்புக் கோளாறுதான் கணுக்கால், வால் மூட்டு எல்லாவற்றையும் பிடிக்கிறது. காலை நீட்டி மனிதர் மாதிரி உட்காருகிறது என்று நாம் லைக் போடுகிறோமே, மூட்டு வலிக்கு இதமாக இருக்கும் என்றுகூட அது அப்படி உட்காரலாம். நெதர்லாந்தில் 2026 ஜனவரி முதல் அந்தப் பூனையைப் புதிதாக வாங்கி வளர்ப்பதற்கே தடை.

குட்டியை நான் திருப்பி அனுப்பவில்லை. மல்லி என்று பெயர் வைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தோம். பசும்பால் கொடுக்காதீர்கள், வயிறு போய்விடும். இன்றைக்கு 3 கிலோ 100 கிராம். கண் தேன் நிறம்.

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை. அந்த இன்ஸ்டா கணக்கு பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் இருக்கிறது. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைக்குப் பதிவு வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். தாய்ப்பூனையை நேரில் போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ரீலில் இருந்த மற்ற இரண்டு குட்டிகள் எங்கே போயின என்று கேட்டேன். பதில் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது அவை இருந்தால், ஸ்பூன் கணக்கை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். குட்டி துவண்டு காது சில்லிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஈறில் குளுக்கோஸைத் தடவி, துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்போதே டாக்டரிடம் ஓடுங்கள்.